சுண்டுவிரல் கோத்து ஓர் ஆட்டம்: ஆர்மேனிய நாட்டுப்புற ஆட்டமும் இசையும் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஆர்மேனியக் கல்யாண வீடியோ ஒன்றைப் பார்த்துவிட்டு "இது என்ன ஆட்டம்?" என்று கேட்பவர்கள் உண்டு. டுடுக் இசையைக் கேட்டுவிட்டு "இது என்ன குழல், இப்படி அழுகிறது?" என்று கேட்பவர்கள் இன்னும் அதிகம். இரண்டு தரப்புக்கும் சேர்த்து, என்னிடம் வந்த கேள்விகளையும் நான் சொன்ன பதில்களையும் இங்கே எழுதி வைக்கிறேன்.

ஆர்மேனிய நாட்டுப்புற ஆட்டம் பார்க்க எப்படி இருக்கும்?

வரிசையாக இருக்கும். முதலில் கண்ணில் படுவது அதுதான். பத்துப் பேரோ நூறு பேரோ, நெருக்கி நின்று ஒருவரை ஒருவர் பிடித்துக்கொண்டு, வளைவாகவோ வட்டமாகவோ நகர்வார்கள். ஆர்மேனிய மொழியில் ஆட்டத்துக்கு 'பார்' என்று பெயர். வட்டமாக ஆடினால் 'ஷுர்ஜ்பார்'. வரிசையின் தலைமாட்டில் ஒருவர் கைக்குட்டையைச் சுழற்றிக்கொண்டு நிற்பார். எப்போது வேகம் கூட வேண்டும், எப்போது குந்தி எழ வேண்டும் என்பதெல்லாம் அவர் கையில்.

தனி ஆட்டமும் உண்டு. ஆனால் இந்த மரபின் உயிர் வரிசையில்தான். அதில் உங்கள் முகபாவத்தையோ அபிநயத்தையோ யாரும் கவனிக்க மாட்டார்கள். பக்கத்தில் நிற்பவரின் கால் போகும் அதே நேரத்தில் உங்கள் காலும் போகிறதா, அவ்வளவுதான்.

கையைப் பிடிக்காமல் சுண்டுவிரலை ஏன் கோக்கிறார்கள்?

எல்லா ஆட்டத்திலும் அப்படி இல்லை. சிலவற்றில் சுண்டுவிரல், சிலவற்றில் உள்ளங்கை, சிலவற்றில் பக்கத்தில் இருப்பவரின் தோள். இன்னும் சிலவற்றில் கைகளைக் கீழே இறக்கி, தோளும் தோளும் ஒட்டும்படி இறுக்கமாக நிற்பார்கள். பிடி மாறினால் ஆட்டமே மாறிவிடும். சுண்டுவிரல் கோத்தால் கைகள் மேலும் கீழும் லேசாக ஆடும், நடை மென்மையாக இருக்கும். தோளைப் பிடித்தால் வரிசை முழுவதும் ஒரே சுவர் போல ஆகிவிடும். ஒருவர் தனியாகத் துள்ள முடியாது, எல்லோரும் துள்ளியாக வேண்டும்.

எந்தப் பக்கம் நகர வேண்டும்?

பெரும்பாலும் வலது பக்கம். இதற்குப் பின்னால் ஒரு பழைய நம்பிக்கை இருக்கிறது. வலது பக்கம் போவது நன்மை, வளர்ச்சி. இடது பக்கம் போவது துக்கம், சாவு. அதனால் கொண்டாட்ட ஆட்டங்களில் இடது பக்கம் போனாலும் கொஞ்சம்தான் போவார்கள், உடனே வலது பக்கம் திரும்பிவிடுவார்கள். 'இரண்டு போ, ஒன்று திரும்பு' என்றே ஒரு வகைக்குப் பெயர்: இரண்டு அடி முன்னே, ஓர் அடி பின்னே. முதல் முறை ஆடுகிறவர்கள் தடுமாறுவது இந்த இடத்தில்தான். எல்லோரும் பின்னே வரும்போது நாம் மட்டும் முன்னே போய் இடித்துக்கொள்வோம்.

ஆட்டங்களின் பெயரில் ஊர்ப்பெயர்கள் ஏன் இவ்வளவு வருகின்றன?

நான் இந்த விஷயத்துக்குள் வந்ததே இந்தக் கேள்வியால்தான். அதனால் கொஞ்சம் நீட்டிச் சொல்கிறேன்.

அலஷ்கெர்த் கோச்சாரி, கரின் ஷோரோர், மூஷ் ஊரின் 'க்ஹர்', சாசுன் மலைக்காரர்களின் யார்க்குஷ்தா என்று பட்டியல் போகும். இந்த ஊர்களை இன்றைய ஆர்மேனியா வரைபடத்தில் தேடினால் கிடைக்காது. எல்லாம் எல்லைக்கு அந்தப் பக்கம், துருக்கியின் கிழக்குப் பகுதியில் இருக்கின்றன. கரின் என்பது இன்றைய எர்சுரும். 1915இல் ஒட்டோமான் பேரரசில் தொடங்கிய இனப்படுகொலையில் அங்கிருந்த ஆர்மேனியர்கள் கொல்லப்பட்டார்கள், பாலைவனத்தை நோக்கித் துரத்தப்பட்டார்கள். தப்பியவர்களில் ஒரு பகுதியினர் கிழக்கே வந்து, இன்றைய ஆர்மேனியாவில் அரகட்ஸ் மலையடிவாரக் கிராமங்களிலும் கியூம்ரி போன்ற ஊர்களிலும் குடியேறினார்கள். மற்றவர்கள் சிரியா, லெபனான், பிரான்ஸ், அமெரிக்கா என்று சிதறினார்கள்.

வீடு போனது, நிலம் போனது, தேவாலயம் போனது. நடை மட்டும் கூடவே வந்தது. தலின் பக்கம் அஷ்னாக் என்று ஒரு கிராமம் இருக்கிறது. அங்கே இருப்பவர்கள் சாசுனிலிருந்து வந்தவர்களின் வழித்தோன்றல்கள். அவர்கள் ஆடுவது சாசுன் ஆட்டம். பக்கத்து ஊர்க்காரர் மூஷிலிருந்து வந்த குடும்பம் என்றால் அவர் கால் வைப்பது வேறு மாதிரி இருக்கும். யார் எந்த ஊர் என்று பேச்சு வழக்கைக் கேட்டுக் கண்டுபிடிப்பது போல, ஆட்டத்தைப் பார்த்தும் கண்டுபிடிக்கலாம். சாசுனைக் கண்ணால் பார்க்காத மூன்றாம் தலைமுறைப் பையனுக்கும் சாசுன்காரர்கள் எப்படிக் காலை ஊன்றுவார்கள் என்பது தெரியும்.

கோச்சாரி என்றால் என்ன? ஏன் அதற்கு மட்டும் இவ்வளவு பெயர்?

கோச்சாரி ஒரே ஆட்டமாகத் தோன்றினாலும் உண்மையில் ஒரு குடும்பம். ஊருக்கு ஊர் வேறுபடும். பொதுவானது என்னவென்றால், நெருக்கமான வரிசை, உறுதியான கால் ஊன்றல், நடுவில் ஒரு துள்ளல் அல்லது முன்னே பாய்ந்து பின்வாங்கும் அசைவு. கிடா முட்டுவது போல என்று விளக்கம் சொல்பவர்கள் உண்டு; பார்த்தால் நம்பத் தோன்றும்.

கல்யாணத்தில் ஆடுவார்கள், திருவிழாவில் ஆடுவார்கள், தெருவில் போராட்டம் நடந்தால் அங்கேயும் ஆடுவார்கள். 1945 மே மாதம் பெர்லின் விழுந்தபோது சோவியத் படையில் இருந்த 89ஆவது தமான்யன் படைப்பிரிவின் ஆர்மேனிய வீரர்கள் அந்த நகரத்தில் கோச்சாரி ஆடினார்கள். ஆர்மேனியர்கள் இன்றும் பெருமையோடு சொல்லிக்கொள்ளும் செய்தி அது. 2017 டிசம்பரில் யுனெஸ்கோ தன் மனிதகுலப் பண்பாட்டு மரபுப் பட்டியலில் கோச்சாரியைச் சேர்த்தது. வயது, ஆண் பெண், பணக்காரர் ஏழை என்று பார்க்காமல் யாரும் சேரலாம் என்பதும் அந்தப் பதிவில் சொல்லப்பட்ட காரணங்களில் ஒன்று.

கோச்சாரி ஆர்மேனியர்களுக்கு மட்டும் சொந்தமா?

இந்தக் கேள்வியை ஆர்மேனியரும் அஜர்பைஜானியரும் சேர்ந்து இருக்கும் இடத்தில் கேட்காதீர்கள். கேட்டால் அன்றைய சாப்பாடு ஆறிவிடும்.

அசீரியர், குர்து மக்கள், துருக்கியர், கருங்கடல் கரைக் கிரேக்கர் எல்லோரிடமும் இதே பெயரிலோ இதை ஒத்த பெயரிலோ ஆட்டம் இருக்கிறது. ஆர்மேனியா பதிவு செய்த மறு ஆண்டே, 2018இல், அஜர்பைஜான் தன் நக்சிவான் பகுதியின் 'யல்லி' வட்ட ஆட்டங்களை, கோச்சாரி, தென்சரே என்ற பெயர்களோடு யுனெஸ்கோவின் அவசரப் பாதுகாப்புப் பட்டியலில் சேர்த்தது. நூற்றாண்டுக் கணக்கில் பக்கத்துப் பக்கத்துக் கிராமங்களில் வாழ்ந்து, சுர்னா என்ற ஊதுகுழலை வாசிக்கும் ஒரே ஆளைக் கல்யாணத்துக்கு அழைத்தவர்கள் இவர்கள். ஆட்டம் எல்லை பார்த்துப் பரவியிருக்காது. ஆனால் ஊரை இழந்தவனிடம் போய் 'இது உன்னுடையது மட்டும் இல்லை' என்று சொன்னால் அவனுக்கு ஏன் கோபம் வருகிறது என்பதும் எனக்குப் புரிகிறது.

யார்க்குஷ்தா என்பது சண்டையா, ஆட்டமா?

ஆண்கள் இரண்டு வரிசையாக எதிரெதிரே நிற்பார்கள். சுர்னா அலற, மேளம் இடிக்க, ஒரு வரிசை மற்றதை நோக்கி வேகமாக வரும். மோதப் போகிறார்கள் என்று நினைக்கும் நொடியில் எதிரே வருபவரின் உள்ளங்கையில் தன் உள்ளங்கையை ஓங்கி அறைவார்கள். படார் என்று சத்தம் கேட்கும். பின்வாங்குவார்கள், மறுபடி வருவார்கள். சாசுன் மலைப்பகுதியின் போர் ஆட்டம் இது. சண்டைக்குப் போகுமுன் உடம்பையும் மனத்தையும் தயார்செய்ய ஆடியது என்பார்கள். ஆடி முடித்தவர்களின் கையைப் பார்த்தால் சிவந்திருக்கும்.

இருபதாம் நூற்றாண்டில் இது ஏறத்தாழ மறந்துபோகும் நிலைக்கு வந்தது. மீட்டவர்களில் ஹாய்ரிக் முராத்யான் முக்கியமானவர். 1905இல் வான் ஏரிப் பக்கம் ஷதாக் என்ற இடத்தில் பிறந்து, சிறுவனாக இருக்கும்போதே ஊரை விட்டு வந்தவர். 1999 வரை வாழ்ந்தார். தான் நினைவில் வைத்திருந்த பாட்டையும் ஆட்டத்தையும் கடைசிவரை இளையவர்களுக்குச் சொல்லிக்கொடுத்தார். அவருக்கு அப்புறம் அந்த வேலையைக் கையில் எடுத்தவர் ககிக் கினோஸ்யான். அவருடைய குழுவின் பெயர் 'கரின்'. பாருங்கள், மறுபடி ஊர்ப்பெயர்.

பெண்கள் ஆடுவது எப்படி?

வரிசை ஆட்டங்கள் பலவற்றில் ஆணும் பெண்ணும் சேர்ந்தே ஆடுவார்கள். பெண்களின் தனி ஆட்டத்துக்கு 'நாஸ் பார்' என்று பெயர். காலடி சின்னதாக இருக்கும். நீளப் பாவாடைக்குள் கால் நகர்வதே தெரியாது, மிதப்பது போல இருக்கும். வேலை முழுவதும் கைகளுக்கும் விரல்களுக்கும்தான். மணப்பெண் ஆடும் 'உசுந்தரா' இந்த வகை.

பெர்த் என்று மனிதர்கள் மேல் மனிதர்கள் நிற்கும் ஆட்டம் ஒன்று பார்த்தேனே?

'பெர்த்' என்றால் கோட்டை. கீழே ஒரு வட்டம் தோள் கோத்து நிற்கும், அவர்கள் தோள் மேல் இன்னொரு வட்டம் ஏறி நிற்கும். அப்படியே இரண்டு அடுக்கும் சுற்றி நகரும். கீழே நிற்பவர்கள் பாவம்.

இசைக்கு என்னென்ன வாத்தியங்கள்?

வெளியே ஆடினால் சுர்னாவும் டோலும். சுர்னா நம் நாகஸ்வரத்தின் தூரத்துச் சொந்தம்: இரட்டைச் சீவாளி, கூம்பு உடல், ஊரைக் கூட்டும் சத்தம். டோல் இருபக்கத் தோல் மேளம். குச்சியாலும் அடிப்பார்கள், கையாலும் வாசிப்பார்கள். மேய்ப்பர்களின் குழல் 'ப்லுல்', சின்னப் புல்லாங்குழல் 'ஷ்வி', ஆட்டுத்தோல் பை வைத்து ஊதும் 'பர்கப்சுக்' எல்லாம் கிராமத்து வாத்தியங்கள். வில் போட்டு வாசிக்கும் கமாஞ்சா, கம்பி மீட்டும் தார், கானுன் ஆகியவை நகரத்துப் பாடகர்களோடு சேர்ந்தவை.

அப்புறம் டுடுக்.

டுடுக்கின் குரல் ஏன் அப்படி இருக்கிறது?

மரமும் சீவாளியும்தான் காரணம். உடல் வாதுமை வகைப் பழமரமான ஏப்ரிகாட் மரம். ஆர்மேனியர்கள் இதற்கு வைத்திருக்கும் பெயரே 'சிரானபோக்', அதாவது ஏப்ரிகாட் குழல். சுர்னாவுக்கு உடல் விரிந்துகொண்டே போகும். டுடுக் நேர் உருளை. அதனால்தான் அந்த அலறல் இதில் வராது, குரல் தாழ்ந்து உள்ளே இழுக்கும். சீவாளிக்குப் பெயர் 'கமிஷ்'. அரஸ் ஆற்றங்கரை நாணலில் செய்வார்கள். உடலோடு ஒப்பிட்டால் மிகப் பெரியது, தட்டையானது. அதன் மேல் ஒரு சின்ன வளையம் இருக்கும், அதை ஏற்றி இறக்கிச் சுருதி சேர்ப்பார்கள். வாசிக்கக் கிடைப்பது ஒரு ஸ்தாயிக்குக் கொஞ்சம் மேல், அவ்வளவுதான். அந்தச் சின்ன இடத்துக்குள் உதட்டு அழுத்தத்தால் சுரத்தை நெளிய வைப்பதுதான் வித்தை. கமகம் கேட்டுப் பழகிய காதுக்கு இது சட்டென்று பிடித்துப்போவதில் ஆச்சரியம் இல்லை.

முக்கியமான ஒன்று: டுடுக் பெரும்பாலும் இரண்டு பேர் வாசிப்பது. ஒருவர் ராகத்தை வாசிக்க, இன்னொருவர் ஆதார சுரத்தை விடாமல் பிடித்திருப்பார். அதற்கு 'தம்' என்று பெயர். நாகஸ்வரக் கச்சேரியில் ஒத்து ஊதுபவர் செய்யும் அதே வேலை. மூக்கால் மூச்சு இழுத்துக்கொண்டே கன்னத்தில் தேக்கிய காற்றை வெளியே விடுவார், சத்தம் அறுபடவே அறுபடாது. பெயரும் புகழும் முதல் ஆளுக்குப் போகும். ஒத்துக்காரர்களின் கதை எல்லா ஊரிலும் ஒன்றுதான் போலிருக்கிறது.

யுனெஸ்கோ டுடுக் இசையை 2005இல் அங்கீகரித்தது. 2008இல் அது பொதுப் பட்டியலில் சேர்ந்தது.

ஹாலிவுட் படத்தில் வரும் அந்தக் குழல் இதுதானா?

பல படங்களில் இதுதான். 2000இல் வந்த 'கிளாடியேட்டர்' படத்தில் வாசித்தவர் ஜீவன் கஸ்பர்யான். சோலாக் என்ற கிராமத்தில் 1928இல் பிறந்து 2021இல் மறைந்தார். அவரால் டுடுக் உலகம் முழுவதும் போனது. ஒரு குறையும் சேர்ந்தே போனது: பாலைவனம், சாவு, பழைய காலம் என்றால் டுடுக்கைப் போடு என்று ஆகிவிட்டது. ஆர்மேனியாவில் அதே டுடுக்கில் ஆட்டப் பாட்டும் வாசிக்கிறார்கள், கல்யாணத்திலும் வாசிக்கிறார்கள். சோகம் அதன் ஒரு முகம் மட்டுமே.

தாளம் கடினமா?

6 எண்ணிக்கையில் வருபவை நிறைய; காது ஒரு நிமிஷத்தில் பிடித்துவிடும். 'தம்சரா' மட்டும் 9 எண்ணிக்கை. மேற்கத்திய இசை படித்தவர்கள் திணறுவார்கள். சங்கீர்ணம் தெரிந்தவர்களுக்குப் பயம் வேண்டாம்.

கோமிதாஸ் என்ற பெயர் எல்லா இடத்திலும் வருகிறதே, யார் அவர்?

இயற்பெயர் சொகோமோன் சொகோமோன்யான். 1869இல் இன்றைய துருக்கியின் கூத்தாஹ்யா ஊரில் பிறந்தார். சின்ன வயதிலேயே தாய் தந்தையை இழந்தார். 1881இல், 12 வயதில், நல்ல குரல் உள்ள அநாதைப் பையன் என்று ஆர்மேனியத் திருச்சபையின் தலைமையிடமான எச்மியாட்சினில் உள்ள குருமடத்துக்கு அழைத்துப் போனார்கள். அப்போது அவருக்கு ஆர்மேனிய மொழி பேசத் தெரியாது, துருக்கிதான் தெரியும். ஆர்மேனியத் துதிப்பாடல் ஒன்றை அர்த்தம் தெரியாமலே பாடிக்காட்டினார். அந்தப் பையன்தான் பின்னால் துறவியாகி, ஏழாம் நூற்றாண்டுத் தலைமைக் குரு ஒருவரின் பெயரான கோமிதாஸைத் தாங்கி, பெர்லினில் இசை படித்து, கிராமம் கிராமமாகப் போய்ப் பாட்டுச் சேகரித்தார். 3000க்கும் மேல் எழுதி வைத்ததாகச் சொல்கிறார்கள்; இன்று கையில் இருப்பவை சுமார் 1200.

அவர் சேகரித்த விதம் எனக்கு மிகவும் பிடிக்கும். குடியானவரைக் கூப்பிட்டு உட்காரவைத்து 'ஏர்ப்பாட்டுப் பாடு' என்றால் பாட்டு வராது என்று அவர் கண்டுகொண்டார். ஏர்ப்பாட்டு ஏர் ஓட்டும்போதுதான் வரும், போரடிப் பாட்டு களத்தில்தான் வரும். அதனால் அவர் களத்துக்கே போய் நின்றார். லோரி வட்டாரத்து ஏர்ப்பாட்டைப் பற்றி அவர் எழுதிய ஆய்வில் மாட்டை அதட்டும் சத்தமும்கூட இசைக்குறிப்பாக இருக்கிறது. குடியானவர் ஆட்டத்தைப் பற்றியும் எழுதினார்.

1915 ஏப்ரல் 24 அன்று இஸ்தான்புல்லில் கைதான ஆர்மேனிய அறிவாளிகளில் அவரும் ஒருவர். சில வாரங்களில் விடுதலையானார், ஆனால் பார்த்ததும் கேட்டதும் அவர் மனத்தைக் குலைத்துவிட்டன. மீதி வாழ்க்கை மருத்துவமனைகளில் கழிந்தது. 1935இல் பாரிஸ் பக்கத்து மருத்துவமனையில் இறந்தார். மறு ஆண்டு உடலை ஆர்மேனியத் தலைநகர் யெரெவானுக்குக் கொண்டுவந்தார்கள். அவர் பாட்டு எழுதிக்கொண்ட காலத்துக்குச் சில ஆண்டுகள் கழித்து, மேற்கே இருந்த அந்தப் பாடகர்களில் எத்தனையோ பேர் இல்லை. அந்தத் தாள்களை வேறு மாதிரி எப்படிப் படிப்பது?

சாயத்-நோவா பாட்டும் நாட்டுப்புறப் பாட்டா?

சரியாகச் சொன்னால் இல்லை. அவர் 18ஆம் நூற்றாண்டின் 'அஷுக்', அதாவது கமாஞ்சாவோடு பாட்டுக் கட்டிப் பாடிய பாணர். ஆர்மேனியம், ஜார்ஜியம், அஜர்பைஜானித் துருக்கி என்று மூன்று மொழியிலும் பாடினார். குடியானவர் பாட்டு ஒரு மரபு, பாணர் பாட்டு ஒரு மரபு, தேவாலயத் துதி இன்னொன்று. ஆனால் இன்று கல்யாணத்தில் எல்லாம் கலந்துதான் வரும்.

மேடையில் பளபளப்பாக ஆடுகிறார்களே, அது அசலா?

அது மேடைக்காகச் செய்தது. 1938இல் ததுல் அல்துன்யான் தொடங்கிய அரசு பாட்டு நடனக் குழு போன்றவை சோவியத் காலத்து முறையில், பாலே படித்த உடம்புகளோடு, ஒரே மாதிரி உடையோடு ஆட்டத்தை மறு உருவாக்கம் செய்தன. அழகுதான். ஆனால் வட்டமாக ஆடியது பார்வையாளர் பக்கம் திரும்பிவிட்டது, இருபது நிமிஷம் ஆடியது நான்கு நிமிஷமானது, பாட்டி ஆடிய இடத்தில் இருபது வயதுக்காரர்கள் வந்தார்கள். கிராமத்து வடிவத்தைத் திரும்பக் கொண்டுவர வேண்டும் என்று கிளம்பியவர்கள் இதை நடனமே இல்லை என்கிறார்கள். நான் அவ்வளவு தூரம் போக மாட்டேன். இந்த மேடை இல்லாவிட்டால் பல பேருக்கு ஆட்டத்தின் பெயரே தெரியாமல் போயிருக்கும்.

பழைய ஆட்டங்களை எழுதி வைத்திருக்கிறார்களா?

ஸ்ர்புஹி லிசித்ஸ்யான் என்ற ஆய்வாளர் (1893–1979) இதற்காகவே அசைவைத் தாளில் எழுதும் ஒரு குறியீட்டு முறையை உருவாக்கி 1940இல் வெளியிட்டார். பிறகு அகதிகளாக வந்த முதியவர்களைத் தேடிப் போய், அவர்கள் ஆடியதைப் பதிவு செய்து, ஆர்மேனியரின் பழைய ஆட்டங்கள் பற்றி இரண்டு பெரிய தொகுதிகள் எழுதினார். 1958, 1972 ஆண்டுகளில் வந்தன. இன்று ஆட்டத்தை மீட்பவர்கள் சந்தேகம் வந்தால் புரட்டுவது அவற்றைத்தான்.

நமக்கும் ஆர்மேனியர்களுக்கும் ஏதாவது தொடர்பு உண்டா?

ஆட்டத்தில் இல்லை, ஊரில் உண்டு. சென்னை பாரிமுனையில் அரண்மனைக்காரத் தெரு என்று மருவிப்போன ஆர்மேனியன் தெருவும், அதில் 1772இல் கட்டிய ஆர்மேனியத் தேவாலயமும் இருக்கின்றன. உலகின் முதல் ஆர்மேனிய மொழிப் பத்திரிகையான 'அஸ்தரார்' 1794இல் வெளிவந்தது மதராஸில்தான்.

ஆட எனக்கும் ஆசை. எங்கே, எப்படி?

யெரெவான் போனால், மாதத்தின் கடைசி வெள்ளிக்கிழமை மாலை நகர நடுவில் இருக்கும் காஸ்கேட் படிக்கட்டின் அடிவாரத்துக்குப் போய்ப் பாருங்கள். கரின் குழுவினர் தொடங்கிய பழக்கம் இது. தெருவிலேயே சொல்லிக்கொடுத்து, வந்தவர் எல்லோரோடும் ஆடுவார்கள். பிப்ரவரி 13 மாலை என்றால் 'திர்ந்தெஸ்' திருவிழாவின் நெருப்பு. தேவாலய முற்றத்தில் தீ மூட்டி, புதுமணத் தம்பதிகள் தாண்டிக் குதிக்க, சுற்றிலும் ஆட்டம் நடக்கும்.

தட்டையான செருப்பு போடுங்கள். வரிசையின் தலைமாட்டில் போய் நிற்காதீர்கள், கைக்குட்டைக்காரரின் பக்கத்திலும் வேண்டாம். வால் பக்கம் போய்க் கடைசி ஆளிடம் சுண்டுவிரலை நீட்டுங்கள். அவர் திரும்பிக்கூடப் பார்க்காமல் கோத்துக்கொள்வார்.